பக்கவாதத்தின் கடுமை: ஆம்புலன்ஸில் அளவிடும் முறைகள்

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்பே, மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர்கள் சில எளிய சோதனைகளால் கணித்து மதிப்பெண் இடுகிறார்கள். சிரிக்கச் சொல்வது, கைகளை நீட்டச் சொல்வது, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவைப்பது, கண்கள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்ப்பது என்று சோதனைகள் எல்லாமே வெறுங்கையால் செய்யக்கூடியவை. குளுக்கோமீட்டரைத் தவிர வேறு கருவி தேவையில்லை. பழகியவருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். வண்டி எந்த மருத்துவமனையை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்யவே இந்த மதிப்பெண் முதன்மையாகப் பயன்படுகிறது. நோய் இன்னதுதான் என்று உறுதிசெய்யும் வேலை ஸ்கேனுக்கு உரியது.

இதற்கென உருவான அளவுகோல்கள் பல. லாஸ் ஏஞ்சல்ஸின் லாம்ஸ், கட்டலோனியாவின் ரேஸ், சின்சினாட்டியின் சி-ஸ்டாட், மெல்பர்னின் ஆக்ட்-ஃபாஸ்ட், டென்மார்க்கின் பாஸ் ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. எந்த அளவுகோலும் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனைகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பெண்ணுக்குப் பொருள் கிடைக்கும். இத்துறையின் கடந்த பத்தாண்டு ஆய்வுகளைப் படிப்பவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

பின்னணி

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலும் பக்கவாதம், உடைந்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம். மேலைநாடுகளில் 100 பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு அடைப்பு, மற்றவர்களுக்குக் கசிவு. ஆசிய நாடுகள் பலவற்றில் கசிவின் பங்கு இதைவிடக் கூடுதல். கடுமையான தலைவலி, வாந்தி, வேகமாக நினைவு மங்குதல் ஆகியவை இருந்தால் கசிவோ என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் படுக்கையருகே நின்று பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க எவராலும் முடியாது. அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும்.

அடைப்புக்கு இன்று இரண்டு பெரிய சிகிச்சைகள் உள்ளன. ஒன்று, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் செலுத்தினால் ஊனம் குறைகிறது என்பதை 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு நிறுவியது. 2008இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு அந்த வரம்பை 4.5 மணி நேரமாக நீட்டியது. இந்த ஊசியைப் போட சி.டி. ஸ்கேனும் பயிற்சி பெற்ற குழுவும் இருந்தால் போதும். நடுத்தர மருத்துவமனையிலும் முடியும்.

மற்றொன்று த்ராம்பெக்டமி. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைவரை கொண்டுபோய், கட்டியைப் பிடித்து இழுத்தோ உறிஞ்சியோ எடுத்துவிடுவது. மூளையின் பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பு ஏற்பட்டவர்களுக்கு ஊசி மட்டும் பல நேரங்களில் போதாது; கட்டி அவ்வளவு பெரிதாக இருக்கும். நெதர்லாந்தின் மிஸ்டர் கிளீன் உட்பட ஐந்து ஆய்வுகள் 2015இல் அடுத்தடுத்து வெளிவந்து, இத்தகையவர்களுக்கு த்ராம்பெக்டமி பெரும்பயன் தருகிறது என்று காட்டின. ஐந்திலும் சேர்ந்த 1,287 பேரின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது, சராசரியாக மூன்று பேருக்குச் சிகிச்சை அளித்தால் அவர்களில் ஒருவராவது ஊனத்தின் அளவில் ஒரு படியேனும் தேறுகிறார் என்று தெரிந்தது. மருத்துவத்தில் இப்படிப்பட்ட பலன் அரிது. 2018இல் வந்த டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகள், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மிச்சமிருந்தால் முறையே 24 மணி, 16 மணி நேரம்வரையிலும் இச்சிகிச்சை பயன்படும் என்று காட்டின.

அதற்காகத் தாமதிக்கலாம் என்று பொருளில்லை. பெரிய குழாய் அடைபட்ட ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று கலிபோர்னியாவின் நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஊசி போடும் மருத்துவமனை அருகில் இருக்கிறது. த்ராம்பெக்டமி செய்யும் மருத்துவமனை தொலைவில், பெரும்பாலும் பெருநகரில் இருக்கிறது. நோயாளிக்குப் பெரிய குழாய் அடைப்பு என்றால், அருகிலுள்ள இடத்துக்குக் கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, மறுபடி வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்புவதற்குள் ஒன்று இரண்டு மணி நேரம் போய்விடலாம். நேராகத் தொலைவுக்கே கொண்டுபோனாலோ, பெரிய குழாய் அடைப்பு இல்லாதவர்களுக்கு ஊசி தாமதமாகிறது. ஸ்கேன் இல்லாத வண்டியில் நின்றுகொண்டு இதை முடிவு செய்ய வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் மூளையின் பெரும்பகுதி ஒரேயடியாகச் செயலிழப்பதால் அறிகுறிகளும் கடுமையாக இருக்கும் என்ற எளிய உண்மையை நம்பியே கடுமை அளவுகோல்கள் உருவாயின.

முதலில் இது பக்கவாதம்தானா?

கடுமையை அளப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். இதற்கான சோதனைகள் முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவை. கடுமை அளவுகோல்களோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1990களின் பிற்பகுதியில் சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவர்கள் உருவாக்கிய சோதனையில் மூன்றே பகுதிகள்: சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, கண்ணை மூடிக் கைகளை நீட்டினால் 10 விநாடிக்குள் ஒரு கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1998இல் உருவான ஃபாஸ்ட் சோதனையும் முகம், கை, பேச்சு என்ற இதே மூன்றையே பார்க்கிறது. 2009இல் பிரிட்டன் அரசு இதைத் தொலைக்காட்சி வழியாகப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. சின்சினாட்டிச் சோதனையில் அமெரிக்கர்கள் சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய ஒரு பழமொழியைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வேறு மொழிக்காரரிடம் அவருடைய தாய்மொழியில் பழகிய வாக்கியம் ஒன்றைத்தான் சொல்லவைக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த மூதாட்டி ஆங்கில வாக்கியத்தில் தடுமாறினால் அது நோயின் அறிகுறி ஆகாது.

லாஸ் ஏஞ்சல்ஸ் சோதனை இன்னும் எச்சரிக்கையானது. வயது 45க்கு மேலா, முன்பு வலிப்பு வந்ததுண்டா, அறிகுறி 24 மணி நேரத்துக்குள் தொடங்கியதா, ஏற்கெனவே படுக்கையில் இருந்தவரா என்றெல்லாம் கேட்ட பிறகு, ரத்தச் சர்க்கரை 60க்கும் 400க்கும் இடையே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதன் பிறகே முகம், பிடிமானம், கை வலு ஆகியவற்றில் ஒரு பக்கக் குறைவு உண்டா என்று சோதிக்க வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையை இங்கே தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் கை கால் ஒரு பக்கம் விழுவதும், பேச்சு குழறுவதும், நினைவு தப்புவதும் பக்கவாதத்தைப் போலவே இருக்கும். குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல், நீரிழிவு நோயாளி ஒருவரைப் பக்கவாத மையத்துக்கு ஓட்டிக்கொண்டு போவது மன்னிக்க முடியாத தவறு. வலிப்பு வந்து ஓய்ந்த பின் சில மணி நேரம் நீடிக்கும் தற்காலிகச் செயலிழப்பு, ஒற்றைத் தலைவலியின் சில வகைகள், முகநரம்பு மட்டும் பாதிக்கப்படும் முகவாதம், காய்ச்சலோடு வரும் குழப்பநிலை ஆகியவையும் பக்கவாதம் போலத் தோற்றம் காட்டுபவை.

கடுமை அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் தாய் அளவுகோல் 1989இல் வெளியான என்.ஐ.எச். பக்கவாத அளவுகோல். விழிப்புநிலை, பார்வை, முகம், கை, கால், உணர்ச்சி, மொழி, கவனம் என்று 15 கூறுகளைச் சோதித்து 0 முதல் 42 வரை மதிப்பெண் தருகிறது. மருத்துவமனைகளில் உலகெங்கும் இதுவே நடைமுறை. ஆனால் முழுமையாகச் செய்ய நேரமும் பயிற்சியும் வேண்டும். ஆடிக்கொண்டு ஓடும் வண்டிக்குள், ஒருபுறம் ஆக்சிஜனும் மறுபுறம் பதறும் உறவினரும் இருக்கும்போது 15 கூறுகளையும் ஒழுங்காகச் சோதிப்பது கடினம். ஆகவே இதிலிருந்து தேவையானதைப் பிரித்தெடுத்துச் சுருக்கிய வடிவங்களே ஆம்புலன்ஸுக்கு வந்தன.

மிகச் சுருக்கமானவற்றுள் ஒன்று லாம்ஸ். முன்சொன்ன லாஸ் ஏஞ்சல்ஸ் சோதனையில் பார்த்த மூன்றுக்கே எண் கொடுத்தார்கள். வாய்க்கோணலுக்கு 1, கை மெல்லத் தாழ்ந்தால் 1, சட்டென்று விழுந்தால் 2, பிடி தளர்ந்திருந்தால் 1, பிடியே இல்லையென்றால் 2. மொத்தம் 5. நான்கும் அதற்கு மேலும் என்றால் பெரிய குழாய் அடைப்பு இருக்கக்கூடும். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 2018 முதல், இப்படி 4 அல்லது 5 வாங்குபவர்களை த்ராம்பெக்டமி வசதியுள்ள மையங்களுக்கு நேராகக் கொண்டுபோகிறார்கள். லாம்ஸின் வலிமை அதன் எளிமை. குறையும் அதுவே. தசை வலுவை மட்டுமே பார்க்கிறது. மொழி, பார்வை, கவனம் ஆகிய மூளையின் மேற்புறணி வேலைகளைத் தொடுவதே இல்லை. மூளையின் ஆழத்தில் ஒரு நூலளவுக் குழாய் அடைபட்டாலும் கை முழுவதும் செயலிழக்கலாம். அத்தகையவருக்கு த்ராம்பெக்டமியால் ஆவது ஒன்றுமில்லை.

ரேஸ் இந்தக் குறையை நிரப்ப முயன்றது. பார்சிலோனாவை ஒட்டிய படலோனா நகரின் ஹெர்மன்ஸ் த்ரியாஸ் மருத்துவமனையைச் சேர்ந்த நத்தாலியா பெரெஸ் தெ லா ஓசா குழுவினர் 2014இல் இதை வெளியிட்டார்கள். முகத்துக்கு 2, கைக்கு 2, காலுக்கு 2, தலையும் கண்ணும் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் 1. கையை 10 விநாடியும் காலை 5 விநாடியும் தூக்கி நிறுத்த முடிகிறதா என்பதே அளவு. கடைசிக் கூறுதான் இதன் நுட்பம். வலப்பக்கம் விழுந்திருந்தால் மொழியைச் சோதிக்க வேண்டும்: கண்ணை மூடுங்கள், கையை இறுக்கி மூடுங்கள் என்று இரண்டு கட்டளைகள், தவறும் ஒவ்வொன்றுக்கும் 1. இடப்பக்கம் விழுந்திருந்தால் மொழியை விட்டுவிட்டு, செயலிழந்த கையை நோயாளியின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, இது யாருடைய கை என்று கேட்க வேண்டும். அடுத்து, இந்தக் கையை நன்றாக அசைக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். மொத்தம் 9, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகிக்கலாம்.

ஏன் இந்தப் பிரிவு? பெரும்பாலானவர்களுக்கு மொழிக்குரிய பகுதி இடப்பக்க மூளையில் இருக்கிறது. இட மூளை உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. எனவே வலக்கை விழுவதும் பேச்சு புரியாமல் போவதும் சேர்ந்தே வந்தால், பாதிப்பு ஆழத்தோடு நிற்காமல் மேற்புறணிவரை பரந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். வல மூளை பாதிக்கப்பட்டவருக்கோ பேச்சு தெளிவாக இருக்கும். கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வார். ஆனால் தன் உடலின் இடப்பாதி இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு இல்லாமல் போயிருக்கலாம். தூக்கிக் காட்டிய கை உங்களுடையது என்று மருத்துவ உதவியாளரிடமே சொல்வார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று உறுதியாகக் கூறுவார். முன்அனுபவம் இல்லாதவர் இதைப் பிடிவாதம் என்றோ குடிபோதை என்றோ எண்ணிவிடக்கூடும். தாய் அளவுகோலிலேயே மொழியோடு தொடர்புடைய கூறுகளுக்கு 7 மதிப்பெண் இருக்க, இந்தப் புறக்கணிப்புக்கு 2 மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் வல மூளைப் பக்கவாதம் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிடப்படுகிறது. ரேஸ் அளவுகோல் இரு பக்கத்துக்கும் சமமாக 2 மதிப்பெண் கொடுத்தது, அதன் ஆசிரியர்கள் செய்த மிக முக்கியமான திருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

கண்கள் ஒதுங்குவதும் அதே அளவு மதிப்புள்ள அறிகுறி. இரு கண்களையும் எதிர்ப்பக்கம் திருப்பும் மையம் ஒவ்வொரு பாதி மூளையின் முன்பகுதியிலும் இருக்கிறது. ஒரு பக்க மையம் செயலிழந்தால், எதிரணி இல்லாத மறுபக்க மையம் கண்களைப் பாதிப்புற்ற பக்கமே தள்ளிவிடும். வலக்கை விழுந்தவரின் கண்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். செயலிழந்த கையைப் பார்க்க மறுப்பதுபோல் இருக்கும். வலிப்பில் இது நேர்மாறு: மூளையின் தூண்டப்பட்ட பக்கம் கண்களை எதிர்ப்புறம் தள்ளுவதால், அவை துடிக்கும் கையின் பக்கமே திரும்பும். இந்த ஒரு குறிப்பு தெரிந்தவருக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதாகிறது. சின்சினாட்டியின் இரண்டாம் தலைமுறைச் சோதனையான சி-ஸ்டாட் கண் ஒதுங்கலுக்கு மட்டும் 2 மதிப்பெண் தருகிறது. கை விழுவதற்கு 1, வயதையோ மாதத்தையோ தவறாகச் சொல்வதோடு கட்டளைகளையும் செய்யாமல் இருப்பதற்கு 1. மொத்தம் 4, இரண்டு வந்தாலே எச்சரிக்கை. கண் மட்டும் ஒதுங்கியிருந்தால்கூட அந்த எல்லையைத் தொட்டுவிடும். டென்மார்க்கின் பாஸ் அளவுகோலும் இதே மூன்றையே, தலா ஒரு மதிப்பெண்ணாகப் பார்க்கிறது.

மெல்பர்னின் ஆக்ட்-ஃபாஸ்ட் கூட்டலையே கைவிட்டுவிட்டது. கை 10 விநாடிக்குள் ஸ்ட்ரெச்சரில் விழுகிறதா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்து. விழுந்தது வலக்கை என்றால் பேச்சைப் பார். இடக்கை என்றால் கண் ஒதுங்கலைப் பார், அல்லது இடத்தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனி. இரண்டு படியும் தாண்டினால், த்ராம்பெக்டமிக்கு ஏற்றவர்தானா என்ற கேள்விகள். களைத்துப்போன நள்ளிரவுப் பணியில் எண்களைக் கூட்டுவதைவிட ஆம், இல்லை என்று படிப்படியாகப் போவது பிழையைக் குறைக்கும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம்.

மதிப்பெண் தவறும் இடங்கள்

முதல் ஆய்வில் ரேஸ், பெரிய குழாய் அடைப்பு உள்ளவர்களில் 85 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 68 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸில் பக்கவாதச் சந்தேகத்தோடு ஏற்றப்படுபவர்களில் பெரிய குழாய் அடைப்பு உள்ளவர்கள் எத்தனை பேர்? தென்மேற்கு நெதர்லாந்தில் எட்டு அளவுகோல்களை ஒரே நோயாளிகளிடம் ஒப்பிட்ட ப்ரெஸ்டோ ஆய்வில், 1,039 பேரில் 120 பேருக்கு மட்டுமே அது இருந்தது. 100க்கு 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ரேஸின் முதல் ஆய்வு விகிதத்தை இதில் பொருத்தினால், 12 பேரில் 10 பேரைப் பிடிக்கும். 2 பேரை விட்டுவிடும். மீதி 88 பேரில் ஏறத்தாழ 28 பேருக்கு அடைப்பு இல்லாமலே எல்லையைத் தாண்டிய மதிப்பெண் கிடைக்கும். ஆக, தொலைதூர மையத்துக்குத் திருப்பிவிடப்படும் 38 பேரில் 28 பேர் வீணாக அலைகிறார்கள். எல்லையை 5இலிருந்து 7ஆக உயர்த்தினால் வீண் அலைச்சல் குறையும், தப்பிப்போகிறவர்கள் கூடுவார்கள். எந்த எண்ணைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் இழப்பு உண்டு. அமெரிக்க இதயக் கழகத்துக்காக 2018இல் செய்யப்பட்ட தொகுப்பாய்வு, இரண்டையும் ஒருசேர நன்றாகச் செய்யும் அளவுகோல் எதுவும் இல்லை என்றே முடித்தது.

இன்னொரு வழியைக் காட்டியது ஸ்டாக்ஹோம். 2017 அக்டோபர் முதல் அங்கே ஆம்புலன்ஸ் செவிலியர், கையும் காலும் ஒரே பக்கத்தில் குறிப்பிட்ட அளவு செயலிழந்திருப்பதைக் கண்டால், கரோலின்ஸ்கா மருத்துவமனையின் பக்கவாத மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். இருவரும் பேசி முடிவெடுக்கிறார்கள். எண்ணோடு மனித அறிவும் சேர்கிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து த்ராம்பெக்டமி தொடங்கும்வரை ஆன இடைநிலை நேரம் 206 நிமிடங்களிலிருந்து 137 நிமிடங்களாகக் குறைந்தது. நகரமும் சுற்றுப்புறமும் அடங்கிய, தூரங்கள் மிகப் பெரிதாக இல்லாத ஒரு வட்டாரம் அது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

கட்டலோனியாவின் சோதனை

மதிப்பெண் மிகுந்தவர்களை அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டிக் கொண்டுபோவது உண்மையில் நன்மை தருகிறதா? இதை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தது ரேஸை உருவாக்கிய அதே கட்டலோனியாதான். ரேஸ்கேட் ஆய்வு 2017 மார்ச் முதல் 2020 ஜூன் வரை நடந்தது. த்ராம்பெக்டமி மையம் அருகில் இல்லாத பகுதிகளில், ரேஸ் மதிப்பெண் 5க்குக் குறையாத 1,401 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிலரை நேராகத் தொலைதூர மையத்துக்கும் சிலரை அருகிலுள்ள மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். 2022இல் முடிவு வெளியானது. அடைப்பால் பக்கவாதம் வந்த 949 பேரில், 90 நாள் கழித்து இரு பிரிவினருக்கும் ஊனத்திலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

காரணம் எண்களிலேயே தெரிகிறது. நேராகத் தொலைவுக்குப் போனவர்களில் 48.8 சதவீதத்தினர் த்ராம்பெக்டமி பெற்றார்கள். அருகில் போனவர்களில் 39.4 சதவீதம். ஊசியில் இது தலைகீழ்: 47.5 சதவீதமும் 60.4 சதவீதமும். ஒரு கையால் பெற்றதை மறுகையால் இழந்தார்கள். அருகிலுள்ள மருத்துவமனைகள் சுறுசுறுப்பாக இயங்கி, நோயாளியை விரைந்து மேலனுப்பும் ஏற்பாடு கட்டலோனியாவில் நன்கு வளர்ந்திருந்ததும் ஒரு காரணம். அருகிலுள்ள இடத்தில் ஸ்கேன் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும் நாட்டுக்கு இந்த முடிவை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

ரத்தக்கசிவு உள்ளவர்களைப் பற்றி வந்த முடிவு இன்னும் கவலைக்குரியது. அவர்களின் மதிப்பெண்ணும் கூடுதலாகவே இருக்கும். அளவுகோல் அவர்களைப் பிரித்தறியாது. பெரிய மையத்தில் மூளை அறுவை நிபுணர் இருப்பதால் நேராக அங்கே போவது அவர்களுக்கும் நல்லதுதான் என்று முன்பு பொதுவாக நம்பினார்கள். 2023இல் வெளிவந்த துணை ஆய்வு, ரேஸ்கேட்டில் சேர்ந்த 302 கசிவு நோயாளிகளில் தொலைவுக்கு நேராகப் போனவர்கள் அதிக ஊனத்தோடு முடிந்தார்கள் என்று காட்டியது. நீண்ட பயணத்தில் வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற சிக்கல்களை வண்டிக்குள் சமாளிப்பது கடினம்.

எந்த அளவுகோலிலும் சிக்காதவை

மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய்களில் அடைப்பு வந்தால் கை கால் விழாமலே இருக்கலாம். திடீர்த் தலைசுற்றல், நிற்கவே முடியாத தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, நிற்காத வாந்தி என்று வரும். முகம், கை, பேச்சு மூன்றும் சரியாக இருப்பதால் ஃபாஸ்ட் சோதனை இவர்களைத் தப்பவிடுகிறது. இதற்காகவே சமநிலை, கண் ஆகிய இரண்டையும் முன்னால் சேர்த்து பி-ஃபாஸ்ட் என்ற வடிவம் வந்தது. அது கண்டறிவதற்கு உதவும், கடுமையைச் சொல்லாது. பின்பகுதியின் முதன்மைக் குழாயான பேசிலர் தமனி அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் தொடக்கத்தில் அவருடைய ரேஸ் மதிப்பெண் மிகக் குறைவாகவே இருக்கக்கூடும். தலைசுற்றல் என்று வந்தவரை எழுந்து நிற்கவோ நடக்கவோ சொல்லிப் பார்க்காமல் பித்தம் என்று விட்டுவிடுவது இங்கே உயிரையே வாங்கிவிடும்.

முன்பே ஒருமுறை பக்கவாதம் வந்து கை பலவீனமானவரிடம் எது பழையது, எது புதியது என்று வீட்டாரிடம் கேட்காமல் மதிப்பெண் இட முடியாது. அறிகுறிகள் வண்டியிலேயே கூடவும் குறையவும் செய்யலாம். வீட்டில் 7, மருத்துவமனை வாசலில் 3 என்றால் இரண்டையும் நேரத்தோடு குறித்துக் கொடுக்க வேண்டும். தேறிவிட்டார் என்று மகிழ்ந்து முதல் எண்ணை மறைக்கக் கூடாது. அடைப்பு அப்படியே இருந்து மறுபடி மோசமாவது உண்டு.

மதிப்பெண்ணோடு போக வேண்டிய தகவல்கள்

கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்? ஊசி போடலாமா என்பதை முதலில் முடிவு செய்வது இதுதான். அறிகுறியை முதலில் கவனித்த நேரத்தைப் பலர் இதற்குப் பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். காலை 6 மணிக்குப் படுக்கையில் வாய் கோணிக் கிடந்தவர் இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால், குறிக்க வேண்டிய நேரம் இரவு 10. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது அடுத்தது. மாத்திரை அட்டையையே எடுத்துவந்துவிடலாம். நேரில் பார்த்த உறவினரை வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் அவருடைய கைபேசி எண்ணாவது வேண்டும். நோயாளியால் பேச முடியாதபோது மருத்துவருக்கு வேறு வழியே இல்லை.

மதிப்பெண்ணையும் இந்த விவரங்களையும் வண்டி கிளம்பியதுமே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவதன் பயனை ஹெல்சிங்கி காட்டியிருக்கிறது. அங்கே ஆம்புலன்ஸிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்ததும் பழைய மருத்துவக் குறிப்புகளை எடுத்துவைத்து, சி.டி. அறையைக் காலியாக்கி, வந்த ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளியை நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முறையைப் படிப்படியாக உருவாக்கினார்கள். வாசலில் நுழைந்ததிலிருந்து ஊசி போடும்வரை ஆன இடைநிலை நேரம் 1998இல் 105 நிமிடமாக இருந்தது, 2011இல் 20 நிமிடமாகக் குறைந்தது. புது மருந்து, புதுக் கருவி எதுவும் இதற்குக் காரணமில்லை. எந்த அளவுகோல் சிறந்தது என்ற வாதத்தில் செலவாகும் அக்கறையில் பாதியாவது இந்தத் தொலைபேசி அழைப்பை ஒழுங்குபடுத்துவதில் செலவாக வேண்டும்.

வண்டியிலேயே ஸ்கேனும் சிகிச்சையும்

ஊகிப்பதற்குப் பதிலாக ஸ்கேனையே வண்டியில் ஏற்றினால் என்ன என்று கேட்டவர் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரைச் சேர்ந்த கிளாஸ் ஃபாஸ்பெண்டர். சி.டி. கருவி பொருத்திய அவருடைய வண்டி 2008இல் ஓடத் தொடங்கியது. அழைப்பு வந்ததிலிருந்து சிகிச்சை முடிவு எடுக்கும்வரை 35 நிமிடம் போதும் என்று 2012இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. வழக்கமான முறையில் 76 நிமிடம். பெர்லினிலும் அமெரிக்க நகரங்களிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2021இல் வெளிவந்தன. அவை நேரம் மிச்சமாவதோடு நில்லாமல், ஊனமும் குறைகிறது என்று உறுதிசெய்தன. செலவு மிகுதி என்பதால் மக்கள் நெருங்கி வாழும் நகரங்களிலேயே இவ்வண்டிகள் பெரும்பாலும் ஓடுகின்றன.

ஸ்கேன் இல்லாத வண்டியில் செய்யக்கூடியது குறைவு. ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் ஆக்சிஜன் தருவது, விழுங்கும் திறன் தெரியாததால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் இருப்பது, வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது. கூடிய ரத்த அழுத்தத்தை வழியிலேயே குறைப்பதா என்ற கேள்வி நெடுநாள் நீடித்தது. சீனாவில் 2,404 பேரிடம் ஆம்புலன்ஸிலேயே மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் நடத்திய இன்டராக்ட் 4 ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பலனும் இல்லை, கேடும் இல்லை. பிரித்துப் பார்த்தால், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு நன்மை, அடைப்பு உள்ளவர்களுக்குத் தீமை. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்திருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் திறன் இன்றைய கடுமை அளவுகோல் எதற்கும் இல்லை. மூளைச் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம், அடைப்பைவிடக் கசிவில் முதல் சில மணி நேரத்திலேயே வெகுவாக உயர்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் அதை வண்டியிலேயே அளக்கும் முறைகள் இப்போது ஆய்வில் உள்ளன.